நாமே எழுதிக் கொடுத்த கேள்வித்தாள்

மெயின்ஸ் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே ஆலோசனைகள் வரத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து பெரியப்பா போனில் கூப்பிட்டு, "இனிமே ஒரு நாள்கூட பேப்பர் விடாதம்மா, எந்த நாட்டுக்கு யார் பிரதமர்னு கேப்பாங்க" என்பார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் அட்டை பிரிந்த பொது அறிவுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர், "ஏறி வந்தீங்களே, மொத்தம் எத்தனை படின்னு கேட்டாங்களாம் ஒரு பையனை" என்று கிளப்பிவிட்டுப் போவார். இந்தப் படிக்கட்டுக் கதை நம் ஊரில் ரொம்ப காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனைத்தான் யாரும் பார்த்ததில்லை.

எல்லாரும் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் எல்லார் மனசிலும் இருப்பது ஒரே படம்: மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து வாத்தியார்கள், இந்தப் பக்கம் ஒரு மாணவர். கேள்வி வரும், சரியாகச் சொன்னால் மார்க், தெரியாவிட்டால் போச்சு. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இந்தப் படம் எங்கே பிசகுகிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எல்லாம் இதன் வழியாகத்தான். அரசு வேலை என்றாலே இன்டர்வியூ உண்டு என்றிருந்த காலம் போய்விட்டது. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி-யில் கெஜட்டட் அல்லாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். மேல்மட்டப் பணிகளில்தான் அது பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-இல் எழுத்துத் தேர்வுக்கு 750, நேர்முகத்துக்கு 100. குடிமைப் பணித் தேர்விலோ எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2025. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான் என்பதால், இங்கே பேசுவதில் பெரும்பகுதி குரூப் 1 எழுதுபவருக்கும் பொருந்தும்.

இந்த 275 எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு வழக்குக் கதை இருக்கிறது. ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வைத்துச் சேர்க்கை நடத்தினார்கள். ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதிலும் பெற்றோர் யார், வீடு எங்கே என்றுதான் கேட்டார்கள் என்று மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதுதான் அஜய் ஹாசியா வழக்கு. 1980-இல் தீர்ப்பு வந்தது: மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முடிந்தால் நேர்முகத்தை டேப்பில் பதிவு செய்யுங்கள் என்றுகூட நீதிமன்றம் யோசனை சொன்னது. 1985-இல் ஹரியானா அரசுப் பணித் தேர்வு பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கில் இன்னும் ஒரு படி போய், யு.பி.எஸ்.சி. அப்போது வைத்திருந்த 12.2 சதவீதத்தையே அளவாகக் காட்டியது. பிறகு யு.பி.எஸ்.சி.யிலும் எண்கள் மாறின. 1993-இல் 300 ஆனது, 2013 முதல் 275. இன்றைய கணக்கில் அது பதினான்கு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

பதினான்கு சதவீதம்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. நேர்முகத்துக்கு ஏறக்குறைய காலியிடங்களைப் போல இரண்டு மடங்குப் பேரை அழைக்கிறார்கள். உள்ளே போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வருடம் வேலை இல்லை. அதே சமயம் நேர்முகத்தில் இத்தனை எடுத்தே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்சம் கிடையாது. எழுத்தில் வாங்கியதோடு சேர்த்துக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். 2021-ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த சுருதி சர்மா எழுத்தில் 932, நேர்முகத்தில் 173. 2024-இல் முதலிடம் பெற்ற சக்தி துபே எழுத்தில் 843, நேர்முகத்தில் 200. இரண்டு விதமாகவும் முதலிடத்துக்குப் போக முடிகிறது. ஆகவே, ஒரு கேள்வியில் தடுமாறியதற்காக வெளியே வந்து அழ வேண்டியதில்லை.

சரி, எதற்கு மார்க் போடுகிறார்கள்? இதற்கு யூகம் வேண்டாம்; யு.பி.எஸ்.சி. தன் அறிவிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது. பலர் வயது வரம்பையும் கட்டணத்தையும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிகாரப்பூர்வமாக இதற்குப் பெயர் ஆளுமைத் தேர்வு. பொது அறிவையோ பாட அறிவையோ சோதிப்பது இதன் நோக்கமில்லை, அதை எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். குறுக்கு விசாரணை போலக் கேட்கமாட்டோம், இயல்பான உரையாடலாக, ஆனால் ஒரு நோக்கத்தோடு கொண்டுபோவோம் என்றும் சொல்கிறார்கள். கவனிக்கும் குணங்களின் பட்டியலும் இருக்கிறது: மன விழிப்பு, சொன்னதைச் சட்டென்று உள்வாங்குவது, தெளிவாகவும் கோர்வையாகவும் எடுத்துச் சொல்வது, நிதானமான தீர்ப்பு, பலவற்றில் ஆழமான ஈடுபாடு, பலரை ஒன்று சேர்த்து நடத்தும் திறன், அறிவிலும் ஒழுக்கத்திலும் நேர்மை. இதில் ஞாபக சக்தி என்ற சொல்லே இல்லை.

பெரியப்பா சொன்ன அறிவுரை பிசகுவது இங்கேதான். நேர்முகத்தைப் பற்றி எல்லாருக்கும் இருக்கும் ஒரே பெரிய தவறான எண்ணம், அது வாயால் எழுதும் இன்னொரு பரீட்சை என்பது. அப்படி நினைத்ததும் தயாரிப்பு முழுவதும் திசை மாறிவிடுகிறது. மூன்று மாதத்துச் செய்தியை மனப்பாடம் செய்கிறார்கள். அறுபது எழுபது கேள்விக்கு விடை எழுதி, கண்ணாடி முன் நின்று ஒப்பிக்கிறார்கள். உள்ளே போனதும் ஒப்பித்தது அப்படியே வெளியே வருகிறது. எதிரே இருப்பவர்கள் முப்பது நாற்பது வருடம் மனிதர்களோடு வேலை பார்த்தவர்கள். மனப்பாடத்தை முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்து என்ன நடக்கும்? எழுதி வைத்திராத ஒரு குறுக்குக் கேள்வி வரும். நம் ஆள் முகம் வெளுத்துப்போய், "மறந்துபோச்சே" என்று விட்டத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் மறப்பதற்கு எதுவும் இல்லை, யோசிக்க வேண்டியதுதான் இருந்தது என்பது ஷாஜகான் சாலையில் ஆட்டோ பிடிக்கும்போதுதான் உறைக்கும்.

ஷாஜகான் சாலை என்றது டெல்லியில், யு.பி.எஸ்.சி. இயங்கும் தோல்பூர் ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு. போனதும் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறார்கள். பிறகு பிரித்து உட்காரவைக்கிறார்கள். எந்த வாரியத்தின் முன் போகப்போகிறோம், அதற்குத் தலைவர் யார் என்பது அன்றைக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். தலைவர் யு.பி.எஸ்.சி. உறுப்பினர்களில் ஒருவர், அவரோடு பெரும்பாலும் நான்கு பேர். ஓய்வுபெற்ற அதிகாரியாக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம். பேச்சு அரை மணி நேரம் போகும். நாம் எழுத்துத் தேர்வில் வாங்கிய மார்க் அவர்கள் கையில் இருக்காது. கையில் இருப்பது ஒரே ஒரு காகிதக் கட்டு.

அந்தக் கட்டுக்கு டி.ஏ.எஃப். என்று பெயர், விரிவான விண்ணப்பப் படிவம். பிறந்த ஊர், படித்த பள்ளி, கல்லூரி, பட்டம், விருப்பப் பாடம், பார்த்த வேலை, பொழுதுபோக்கு, வாங்கிய பரிசு, எந்தப் பணி முதலில் வேண்டும் எல்லாம் நம் கையாலேயே நிரப்பிக் கொடுத்தது. டீக்கடைக்காரர் 'இங்கே சுக்குக் காபி கிடைக்கும்' என்று பலகையில் எழுதிவைத்தால், வருகிறவர் அதைத்தானே கேட்பார்? "சும்மா எழுதி வச்சேங்க, சுக்கு இல்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்! பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் 'புத்தக வாசிப்பு' என்று எழுதிவிட்டு, கடைசியாக வாசித்த புத்தகத்தின் பெயர் கேட்டால் நெளிகிறவர்கள் நிறைய. கேள்வித்தாளின் பெரும்பகுதியை நாம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதைத் திருப்பிப் பார்க்காமல் உலகத்துப் பிரதமர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எப்படிக் கேள்வி முளைக்கிறது என்று ஒரு படிவத்தை வைத்துப் பார்ப்போமா? நம் வசதிக்குக் கற்பனையாக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் மன்னார்குடி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி. ஒரு வங்கியில் இரண்டு வருடம் வேளாண் அலுவலர். விருப்பப் பாடம் தமிழ் இலக்கியம். பொழுதுபோக்கு, கோலம்.

தலைவர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே, "மன்னார்குடியா? டெல்டாவில்தானே?" என்று தொடங்குவார். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்தத் தேதி தள்ளிப்போனால் உங்கள் ஊரில் என்ன ஆகும்? குறுவை தப்பினால் சம்பா மட்டும் போதாதா? 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததே, அதனால் ஒரு சிறு விவசாயிக்கு நேரடியாக என்ன கிடைத்தது? அடுத்தவர் வங்கி வேலையைப் பிடிப்பார்: விவசாய நகைக்கடன் என்று கொடுக்கிறீர்களே, அது வயலுக்குத்தான் போகிறதா, கல்யாணத்துக்குப் போகிறதா? நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? மூன்றாமவர், சங்க இலக்கியத்தில் மருத நிலம் என்றால் ஊடல்தானே முன்னால் வருகிறது, உழுதவன் எங்கே என்பார். நான்காமவர் சிரித்துக்கொண்டே கோலத்துக்கு வருவார். சிக்குக் கோலத்தில் கோடு ஏன் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்? தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்தார். இதைக் கோலம் போடுகிற பெண் தெரிந்துவைத்திருந்தால் பேச்சு அழகாக நீளும். தெரியாவிட்டால் ஒன்றும் மோசமில்லை. ஆனால் மாக்கோலத்திலிருந்து கல்மாவுக்கு எப்போது, ஏன் மாறினோம் என்பதைக்கூட யோசித்ததில்லை என்றால், அந்தக் கட்டத்தில் கோலம் என்று எழுதியிருக்கக் கூடாது.

பாருங்கள், இதில் எதற்குமே பொது அறிவுப் புத்தகத்தில் விடை இல்லை. பாதிக்கு மேல் அவர் வாழ்ந்த வாழ்க்கையிலேயே இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, காரணத்தோடு கோத்து வைப்பதுதான் வேலை.

இனி, எல்லாரும் பயப்படும் வகைக் கேள்வி. "நீங்கள்தான் மாவட்ட ஆட்சியர் என்று வைத்துக்கொள்வோம்." இப்படித் தொடங்கினாலே பலருக்கு வயிறு கலங்கும். நம் மன்னார்குடிப் பெண்ணிடம் இப்படிக் கேட்கிறார்கள்: ஐப்பசி மாதம். குறுவை அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் வாங்கலாம் என்பது விதி. நெல்லில் 20-க்கு மேல் காட்டுகிறது. வாங்க முடியாது என்கிறார் நிலைய அலுவலர். விவசாயிகள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். என்ன செய்வீர்கள்?

சட்டென்று வரும் பதில் இரண்டு. "உடனே எல்லாவற்றையும் வாங்கச் சொல்லி உத்தரவு போடுவேன்" என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 17-ஐத் தளர்த்தும் அதிகாரம் ஆட்சியரிடம் இல்லை, மத்திய அரசிடம் இருக்கிறது. மாநில அரசு கேட்க, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்த்து, அதன்பிறகு தளர்வு வருவதுதான் நடைமுறை. இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுக்கும் அதிகாரியை வாரியம் விரும்பாது. "விதிப்படி வாங்க முடியாது என்று விளக்கிச் சொல்வேன்" என்பது இன்னொன்று. விதி சரி, ஆனால் நெல் நனைந்துகொண்டிருக்கிறதே!

இரண்டுக்கும் நடுவில் செய்ய எத்தனையோ இருக்கிறது. டெல்டாவில் பிறந்த ஒருவருக்கு அது தெரியாமல் இருக்காது. முதலில் சாலையில் இருப்பவர்களிடம் நேரில் போய்ப் பேசுவது. ஏற்கெனவே வாங்கி அடுக்கிய 40 கிலோ சிப்பங்களை லாரி வரவழைத்துக் கிடங்குக்கு அனுப்பினால் நிலையத்தில் இடம் கிடைக்கும், அந்த வேலையை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளரிடம் உடனே ஒப்படைப்பது. தார்ப்பாய் போதுமா என்று பார்ப்பது. ஈரப்பதம் காட்டும் கருவி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு கருவியை வைத்துச் சோதிப்பது. பாதிச் சண்டை அந்த மீட்டரால்தான் வரும். 17-க்குள் இருக்கும் குவியலைப் பிரித்து அன்றைக்கே எடை போடச் சொல்வது. எத்தனை டன் எந்த ஈரத்தில் கிடக்கிறது என்ற கணக்கோடு, தளர்வு கேட்டு அன்று மாலைக்குள் அரசுக்கு அறிக்கை அனுப்புவது.

இப்படி அவர் சொல்லி முடித்ததும் வாரியம் விடாது. "அறிக்கை அனுப்பினீர்கள், தளர்வு வரப் பத்து நாள் ஆகிறது. அதுவரை?" என்று அழுத்தும். இந்த அழுத்தத்தைப் பலர் கோபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'நம் பதில் தப்பு போலிருக்கிறது' என்று சொன்னதை அப்படியே மாற்றிப் பேசிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது வேறு: அழுத்தமாக எதிர்த்துக் கேட்டால் இவர் சாய்ந்துவிடுகிறாரா, முறைத்துக்கொள்கிறாரா, புதிதாகச் சொன்ன தகவலை எடுத்துக்கொண்டு யோசனையைத் திருத்துகிறாரா? "சார், பத்து நாள் என்றால் பக்கத்து அரைவை ஆலைகளில் உலர்த்தும் இயந்திரம் கிடைக்குமா என்று பார்ப்பேன், கிடைக்காவிட்டால் நஷ்டம் வரும் என்பதை விவசாயிகளிடம் மறைக்கமாட்டேன்" என்று ஒரு பெண் சொன்னால், விடை முழுமையாக இல்லாவிட்டாலும் நான் மார்க் போடுவேன்.

அடுத்தது 'தெரியாது' என்ற சொல். இதைச் சொல்லவே கூடாது என்று பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குணப் பட்டியலில் அறிவு நேர்மை என்று ஒன்று இருந்ததே, அதைச் சோதிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் உருட்டினால், அடுத்த கேள்வி அதே இடத்தில்தான் விழும், அதற்கடுத்ததும். "மன்னிக்கணும் சார், இது எனக்குத் தெரியவில்லை" என்று இயல்பான குரலில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் நகர்ந்துவிடும். பாதி தெரியும் என்றால், "உறுதியாகத் தெரியவில்லை, ஊகிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஊகிக்கலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு: படிவத்தில் நாமே எழுதிய விஷயத்தில் 'தெரியாது' சொல்வது சுடும். ஐரோப்பாவில் ஒரு பிரதமர் பெயர் தெரியாவிட்டால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மன்னார்குடிக்காரருக்கு ஹரித்ரா நதி என்பது ஆறு இல்லை, குளம் என்று தெரியாவிட்டால் கண்டிப்பாகப் பொருட்படுத்துவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கென்றே சில கேள்விகள் காத்திருக்கும். இந்தி ஏன் வேண்டாம் என்கிறீர்கள், நீட்டை ஏன் எதிர்க்கிறீர்கள், காவிரியில் கர்நாடகத்தின் பக்கம் நியாயமே இல்லையா, ஜல்லிக்கட்டு விலங்கு வதை ஆகாதா. கேட்டதும் சிலருக்கு மேடை ஏறிய வேகம் வந்துவிடுகிறது. சிலரோ டெல்லியில் இருக்கிறோமே என்று பயந்து, சொந்த ஊரைத் திட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். இரண்டுமே உதவாது. ஜல்லிக்கட்டு என்றால், 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது எதற்காக, 2017-இல் மாநிலம் சட்டத்தை எப்படித் திருத்தியது, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்றது எந்த அடிப்படையில் என்ற வரிசையைச் சொல்லிவிட்டு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நியாயமாக எடுத்துவைத்துவிட்டு, பிறகு தன் கருத்தைச் சொல்லலாம். கருத்து இருப்பதில் தவறில்லை. ஒன்றிலும் கருத்தே இல்லாதவரை எந்த வேலைக்கு எடுப்பது?

"ஏன் ஐ.ஏ.எஸ்.?" என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை. 'மக்கள் சேவை' என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாரியமும் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். வங்கியில் இருந்தபோது எந்த விவசாயியின் எந்தப் பிரச்சினையைத் தன் நாற்காலியிலிருந்து தீர்க்க முடியவில்லை, அது எந்த நாற்காலியில் தீரும் என்று நம் பெண் சொன்னால் போதும். சம்பளமும் மரியாதையும் ஒரு காரணம் என்று ஒத்துக்கொண்டாலும் குற்றமில்லை என்பது என் எண்ணம். அதை ஒளித்து வைத்துப் பேசும்போதுதான் குரல் பொய்யாகிறது.

அப்படியானால் தயாரிப்பு என்பது என்ன? படிவத்தின் நகலை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டு, அதிலிருந்து என்ன கேட்கலாம் என்று வீட்டில் உள்ளவர்களையே கேட்கச் சொல்லுங்கள். அம்மா கேட்கும் கேள்வி சில சமயம் வாரியத்தின் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கும். மாவட்டப் புள்ளிவிவரக் கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள். பிறகு ஒரு திங்கள்கிழமை காலை உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும் நாள் அது. மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று எது எத்தனை தடவை வருகிறது, எந்த மேசையில் போய் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்த்துவிட்டு வந்தவர் நிர்வாகம் பற்றிப் பேசுவதற்கும், புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் குரலிலேயே தெரியும்.

மாதிரி நேர்முகம் இரண்டு மூன்று போதும். சென்னையில் தமிழ்நாடு அரசே நடத்தும் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்திலும், மனிதநேயம் மையத்திலும் இதை நடத்துகிறார்கள். காலை ஆட்டுகிறோமா, கேள்வி முடிவதற்குள் குறுக்கிடுகிறோமா, பதில் மூன்று நிமிடம் நீள்கிறதா என்று அடுத்தவர் சொன்னால்தான் தெரியும். அதற்காக மட்டும் போங்கள். பத்துப் பதினைந்து இடத்துக்குப் போனால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்தி, கடைசியில் யார் குரலில் பேசுகிறோம் என்று நமக்கே தெரியாமல் போய்விடும். உடை பற்றி இரண்டு வரிகூட வேண்டாம்; சுத்தமாக, உடுத்திப் பழகியதாக இருந்தால் சரி.

மொழி பற்றிச் சொல்லியாக வேண்டும். பேட்டியைத் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். தமிழில் மெயின்ஸ் எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு. ஆங்கிலத்தில் எழுதியவரும் கட்டாய இந்திய மொழித்தாளாகத் தமிழை எடுத்திருந்தால் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் உடன் இருப்பார். ஆங்கிலத்தில் சரளமாக யோசிக்க முடியாதவர் வீம்புக்காக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் வம்பு. ஆனால் மொழிபெயர்ப்புக்கு நேரம் பிடிக்கும், நம் நகைச்சுவையும் நெளிவுசுளிவும் பாதிதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஆகவே தமிழில் பேசுபவர் சின்னச் சின்ன வாக்கியமாக நிறுத்திப் பேசிப் பழகிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், கல்லூரிப் பட்டத்தில் பின்னால் போயிருக்கும், ஆதாரில் அப்பா பெயரே முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும். நமக்கு அது சாதாரணம். டெல்லியில் மேசையில் இருப்பவருக்கு அது மூன்று ஆட்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஊரில் வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள், யு.பி.எஸ்.சி. கேட்பது மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற குறிப்போடு, அறிவிக்கை சொல்லும் தேதிக்குள் வாங்கிய சான்று. தாசில்தார் அலுவலகத்தில் அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். டீ ஆறுவதற்குள் அந்த ஃபைலை எடுத்து, ஒவ்வொரு காகிதத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.